பாவித்த கணினி வாங்கும்போது உள்ளே இருக்கும் விண்டோஸ் யாருடையது?

பம்பலப்பிட்டிக் கடைகளில் பாவித்த மடிக்கணினி வாங்குபவர்கள் பற்றரியைப் பார்ப்பார்கள், திரையில் கீறல் தேடுவார்கள். விண்டோஸுக்கு உரிமம் உண்டா என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் "எல்லாம் போட்டுத்தான் தருகிறோம்" என்பார்கள். போட்டிருப்பது வேறு, உரிமம் இருப்பது வேறு.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் விற்றவரை மட்டும் பிடிப்பதில்லை. உரிமமற்ற மென்பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ, வணிக இலாபத்துக்காக அதைப் பாவிப்பவரும் குற்றவாளியே. 5 இலட்சம் ரூபாய் வரை தண்டப்பணம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வெள்ளவத்தையில் இரண்டு கணினியோடு நடக்கும் கணக்காளர் அலுவலகமும் வணிகம்தான்.

காசு கொடுக்கும் முன் கணினியை இணையத்தில் இணைத்து, செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். தொழிற்சாலையிலேயே விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தியது போட்டு வந்த கணினியில், உரிமத் திறவுகோல் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும். அது கணினியோடு உங்களிடம் வரும். அடியிலுள்ள ஸ்டிக்கரில் விண்டோஸ் வகை புரோ என்றிருந்து, அந்தப் பக்கம் என்டர்பிரைஸ் (நிறுவனங்களுக்கான வகை) என்று காட்டினால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது ஏதோ ஒரு நிறுவனம் மொத்தமாக எடுத்த உரிமம். கணினி கைமாறும்போது கூட வராது.

அந்த வகை உரிமங்களில் ஒன்று, நிறுவனத்தின் சேவையகத்தைக் கடைசியாகத் தொடர்புகொண்ட நாளிலிருந்து 180 நாட்கள் வரை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வேலை செய்யும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடவோ, வாங்கியதிலிருந்து 3 மாதம்தான் அவகாசம். திரையின் மூலையில் எச்சரிக்கை தோன்றும்போது அந்தக் காலம் கடந்திருக்கலாம்.

ஆகவே பற்றுச்சீட்டை விடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் வர்த்தகர் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். 'லப்டொப் 1' என்ற எழுத்து எதற்கும் உதவாது. மாதிரி, தொடர் இலக்கம், விண்டோஸ் வகை, உரிமத்துடன் விற்கப்பட்டது என்ற வரி எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் நான் வாங்கமாட்டேன். எழுதிக் கொடுத்தது பொய்யானால் சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கணினியோடு சும்மா கிடைக்கும் ஃபோட்டோஷொப்பையும் ஓஃபிஸையும் நம்பவே வேண்டாம். கடிதமும் கணக்கும்தான் தேவையென்றால் லிப்ரே ஓஃபிஸ் போதும். அலுவலகத்தில் பாவித்தாலும் அது இலவசம்.