சங்கிலியில் நிற்கும் மாலுமி: ஒரு பழைய கடல் நாவலின் சொற்கள்

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதி 1883இல் நூலாக வெளிவந்த ‘டிரஷர் ஐலண்ட்’ நாவலில், ஹிஸ்பானியோலா என்ற கப்பல் தீவின் துறைக்குள் ஒடுங்கிய வழியாக நுழையும் கட்டம் ஒன்று உண்டு. ‘செயின்ஸ்’ என்ற இடத்திலிருந்த ஆளுக்கு, வரைபடத்தில் குறித்திருந்ததைவிட எங்கும் அதிகத் தண்ணீர் கிடைத்தது என்று கதைசொல்லும் சிறுவன் கூறுகிறான். அகராதியை மட்டும் நம்பிப் படிப்பவருக்கு, சங்கிலியால் பிணைக்கப்பட்ட கைதி ஒருவனே கண்முன் தோன்றுவான். உண்மையில், கப்பல் தரைதட்டாமல் உள்ளே போவது அந்த ஆளின் கைத்திறனைப் பொறுத்தது.

பாய்மரம் சாயாதபடி அதை இருபுறமும் தடித்த வடங்களால் இழுத்துக் கட்டுவார்கள். வடங்கள் போதிய அளவு அகன்று நிற்பதற்காகக் கப்பலின் வெளிப்பக்கத்தில் கனத்த பலகை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வடங்களின் கீழ்முனைகளை உடற்பகுதியோடு பிணைத்த சங்கிலிகளால் அவ்விடத்துக்கே ‘செயின்ஸ்’ என்ற பெயர் வந்தது. ஆழம் பார்ப்பவன் அங்கே நின்று, ஈயக் குண்டு கட்டிய கயிற்றை, கப்பல் போகும் திசையில் தனக்கு முன்னால் விழும்படி வீசுவான். குண்டு அடியைத் தொடும்போது கப்பலும் அவ்விடத்துக்கு வந்து சேர, கயிறு செங்குத்தாகிறது. அக்கணத்தில் எடுக்கும் அளவே சரியானது. அதிகத் தண்ணீர் கிடைத்தது என்றால் ஆழம் கூடுதலாக இருந்தது என்று பொருள்.

ஆழத்தை அவர்கள் ‘ஃபேதம்’ என்ற அலகால் எண்ணினார்கள். விரித்த இரு கைகளின் நீளத்திலிருந்து பிறந்த அந்த அலகு 6 அடி, அதாவது ஏறக்குறைய 1.83 மீட்டர். நம் மீனவர்கள் ‘பாகம்’ என்று சொல்வதும் இதே கைவிரி அளவுதான். மொழிபெயர்ப்பாளர்கள் தயங்காமல் அச்சொல்லை எடுத்தாளலாம் என்பது என் கருத்து. கயிற்றில் 2 பாகத்தில் இரண்டு தோல்வார்கள், 3 பாகத்தில் மூன்று, 5இல் வெள்ளைத் துணி, 7இல் சிவப்புத் துணி, 10இல் துளையிட்ட தோல் என அடையாளங்கள் இருந்தன. துணிகளின் நெசவுகூட வேறுபட்டதால், இருட்டிலும் தடவிப் பார்த்தே ஆழத்தைக் கூவிச் சொல்ல முடிந்தது. குண்டின் அடிக்குழியில் அப்பிய கொழுப்பில் மணலோ சேறோ ஒட்டிவரும். நங்கூரம் பிடிக்குமா என்பதை அது காட்டிவிடும்.

‘ஷீட்’ என்ற சொல்லும் இப்படித்தான் ஏமாற்றுகிறது. அது துணியன்று, பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. அது அவிழ்ந்தால் பாய் காற்றைப் பிடிக்காமல் படபடக்க, கப்பல் தள்ளாடும். ஆகவேதான் கொள்ளையர் தலைவன் சில்வர், குடிமயக்கத்தைக் குறிக்க இச்சொல்லைப் பயன்படுத்துகிறான்.

எனினும், கதையின் முடிச்சே தங்கியிருக்கும் சொல் ‘பாயிண்ட்’. புதையல் வரைபடம், வடக்கு-வடகிழக்கிலிருந்து வடக்கே ஒரு பாயிண்ட் தள்ளி உயர்ந்த மரத்தைத் தேடச் சொல்கிறது. இது புள்ளியோ முனையோ அன்று. மாலுமிகளின் காம்பஸ் வட்டம் 32 பங்குகளாகப் பிரிந்திருந்தது. 360 பாகையை 32ஆல் வகுத்தால் வரும் 11.25 பாகையே ஒரு பாயிண்ட். வடக்கு-வடகிழக்கு 22.5 பாகை என்பதால், தேட வேண்டிய திசை 11.25 பாகை. இந்த ஒரு சொல்லைத் தவறவிட்டு 1,000 அடி நடந்தவர், ஏறக்குறைய 200 அடி விலகிப்போய்த் தோண்டிக்கொண்டிருப்பார்.

பின்னர் வழியில் கிடக்கும் எலும்புக்கூடு எந்தத் திசையை நோக்கிக் கிடத்தப்பட்டிருக்கிறது என்று கொள்ளையர்கள் காம்பஸை வைத்து அளக்கிறார்கள். கிழக்கு-தென்கிழக்கிலிருந்து கிழக்கே ஒரு பாயிண்ட், அதாவது 101.25 பாகை என்று வருகிறது. வரைபடத்தில், அருகிலுள்ள ‘எலும்புக்கூட்டுத் தீவு’ என்ற சிறு தீவுக்குக் குறித்திருந்த திசையும் அதுவே. இறந்தவனின் உடலையே திசைகாட்டியாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான், புதையலைப் புதைத்த கொள்ளையன் ஃபிளின்ட் என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிகிறது.