அலர்ஜி வேறு, அழற்சி வேறு

கைக்குழந்தைகளின் உணவு பற்றிய துண்டறிக்கைகளிலும் மருத்துவமனைச் சுவர்ப் பலகைகளிலும் 'உணவு அழற்சி' என்ற தொடரைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அலர்ஜிக்கு ஒவ்வாமை என்ற ஏற்ற சொல் இருக்க, அழற்சி என்று எழுதுகிறவர்கள் அதைத் தவறென்று நினைப்பதே இல்லை என்பதுதான் இதில் பெரிய சங்கடம். இதுவரை மனத்துக்குள் உறுத்திக்கொண்டிருந்ததை இப்போது எழுதவைத்தது என் தங்கை வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி.

தங்கையின் குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். அதுவரை தாய்ப்பாலும் வீட்டில் காய்ச்சிய கஞ்சியும்தான். முதன்முறையாகப் பால்பொடி கலந்த கோதுமைக் கூழ்மாவைக் கரைத்து ஊட்டிய அரைமணி நேரத்தில் உதட்டைச் சுற்றியும் கன்னத்திலும் கொசு கடித்தாற்போல் தடிப்புகள் எழுந்தன. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருந்து கொடுத்து, 'குழந்தைகளில் உணவு அழற்சி' என்று தலைப்பிட்ட ஒரு தாளையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். தங்கையின் மாமியார் தமிழை நன்றாக வாசிக்கிறவர். அழல் என்றால் நெருப்பு, அழற்சி என்றால் சூடு, ஆகவே பிள்ளைக்கு உடம்புச் சூடு என்று அவர் பொருள்கொண்டார். சொல்லைப் பொறுத்தவரை அவர் பிழையே செய்யவில்லை. சூட்டுக்குக் குளிர்ச்சி வேண்டுமென்று மறுநாள் காலையில் இரண்டு கரண்டி நீர்மோர் புகட்டினார். பத்து நிமிடத்தில் குழந்தை வாந்தியெடுத்தது. முதுகிலும் தொடையிலும் தடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து வரைபடம்போல் பரவின. மூச்சுக்குத் தொந்தரவு வரவில்லை என்பது எங்கள் நல்லகாலம். இரண்டாம் முறை போனபோது மருத்துவர், "பசும்பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தயிர், மோர், பன்னீர் எதுவும் வேண்டாம்" என்றார். தங்கையின் மாமியார் அங்கேயே அழுதுவிட்டார். "பாலு ஒத்துக்கிடலன்னு அந்தத் தாளுல எழுதியிருந்தா நான் மோரைத் தொட்டிருப்பேனா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அலர்ஜி என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1906ஆம் ஆண்டில் வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த கிளெமன்ஸ் வான் பிர்க்கே என்பவர் இச்சொல்லை உருவாக்கினார். குதிரை இரத்தத்திலிருந்து எடுத்த நோயெதிர்ப்பு ஊநீரை ஒருமுறை ஊசியாகப் பெற்ற குழந்தைகளுக்கு மறுமுறை போட்டபோது காய்ச்சலும் தோல் தடிப்பும் முன்னைவிட விரைவாக வந்ததை அவரும் பேலா ஷிக் என்ற உடன்பணியாளரும் கவனித்தனர். முதல் தொடர்புக்குப் பிறகு உடம்பு நடந்துகொள்ளும் முறையே மாறிவிடுகிறது என்பதைக் குறிக்க, 'வேறு' எனப் பொருள்படும் அல்லோஸ் என்ற கிரேக்கச் சொல்லையும் 'வினை' எனப் பொருள்படும் எர்கோன் என்பதையும் சேர்த்தார். அவர் கருத்தில் இது நோயெதிர்ப்பாற்றலையும் உள்ளடக்கிய பரந்த சொல். பிற்காலத்தில்தான், தீங்கற்ற ஒரு பொருளைத் தீங்கென்று எடுத்துக்கொண்டு உடம்பு எதிர்ப்பதை மட்டும் குறிப்பதாகச் சுருங்கியது. குழந்தைகளின் தோலைப் பார்த்துப் பிறந்த சொல்லைக் குழந்தைகளின் தோல் தொடர்பாகவே நாம் தவறாக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

அழற்சிக்கு வருகிறேன். இது நல்ல சொல், பழுதற்ற சொல். நான் எதிர்ப்பது சொல்லை அன்று, அதை வேறொன்றன் இடத்தில் உட்காரவைப்பதை. அழல் என்பதிலிருந்து வந்த இது, நெருப்பை வேராகக் கொண்ட, இலத்தீன்வழி வந்த இன்ஃபிளமேஷன் என்ற மருத்துவச் சொல்லுக்கு அப்படியே பொருந்துகிறது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று ரோமானிய எழுத்தாளர் கெல்சஸ் கூறிய நான்கு குறிகளும் அழற்சியின் குறிகள். கல்லீரல் அழற்சி, இரைப்பை அழற்சி, தோல் அழற்சி என்றெல்லாம் நாம் சொல்வது இதனால்தான். அவற்றுள் பலவற்றுக்குக் கிருமியோ, அடியோ, ஈரமோ காரணமாகலாம். மலமும் சிறுநீரும் பட்டு நனைந்த துணியிலேயே கிடக்கும் குழந்தையின் இடுக்கு சிவந்து புண்ணாவது அழற்சி. அதற்கும் அலர்ஜிக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. தக்காளியோ சாத்துக்குடியோ பட்ட வாயோரம் சற்றுநேரம் சிவந்து தானே மறைவதும் பல நேரம் புளிப்பின் எரிச்சல்தான்.

பிறகு எப்படி இந்தக் குழப்பம் வந்தது? ஒலிதான் காரணம். அலர்ஜி என்பதைத் தமிழ் எழுத்துக்கு மாற்ற நினைக்கிறவருக்கு ஜகரம் சகரமாகிவிட, ரகரம் றகரமாகிவிட, லகரத்தை ழகரமாக்கினால் ஒரு செந்தமிழ்ச் சொல்லே கைக்கு வந்துவிடுகிறது. அந்தச் சொல் ஏற்கெனவே மருத்துவத்தில் வேறு பொருளில் வழங்குகிறதே என்று அவர் தேடிப் பார்ப்பதில்லை. இன்னும் ஒரு படி மேலே போய், அழற்சியே மேலைநாடு சென்று அலர்ஜி ஆயிற்று என்று மேடையில் முழங்குகிறவர்களும் உண்டு. ஆக்கியவர் யார், ஆக்கிய ஆண்டு எது, எந்த வேர்களிலிருந்து என்று பதிவாகியிருக்கும் ஒரு சொல்லுக்கு இப்படிப் பிறப்புச் சான்றிதழ் எழுதுவது தமிழுக்குப் பெருமை சேர்க்காது. தனித்தமிழில் பற்றுள்ளவன் என்பதாலேயே இதைச் சற்றுக் கடுமையாகச் சொல்கிறேன். ஒலியொப்புமையைப் பிடித்துக்கொண்டு பொருளைக் கைவிடுவது கடன்சொல்லை அப்படியே வைத்திருப்பதைவிடக் கேடானது. அலர்ஜி என்றே அந்தத் தாளில் இருந்திருந்தால், தங்கையின் மாமியார் என்னவென்று யாரிடமாவது கேட்டிருப்பார்.

இது தங்கை வீட்டோடு முடிகிற தொல்லையும் அன்று. அழற்சி என்று படித்த பெற்றோர் சிவப்பையும் சூட்டையும் தேடுவார்கள். கைக்குழந்தைக்கு உணவினால் வரும் மிகக் கடுமையான எதிர்விளைவிலோ, தோலில் தடிப்பே தோன்றாமல், குழந்தை வெளிறித் துவண்டு போகலாம், அழுகுரல் கம்மலாம், விடாமல் இருமலாம், அடுத்தடுத்து வாந்தியெடுக்கலாம். அந்த நிலையில் தொடையில் அட்ரினலின் ஊசி போடுவதே உயிர்காக்கும் முதல் மருத்துவம். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வெளிறிக் குளிர்ந்து கிடக்கும் பிள்ளையைப் பார்த்து, 'அழற்சி இல்லை, அடங்கிவிட்டது' என்று ஒரு தாய் ஆறுதல்கொள்ள நேர்ந்தால் அந்தப் பழி சொல்லை எழுதியவர் மேல்தான் விழும்.

மேலும், இரண்டு சொற்களும் ஒரே வாக்கியத்தில் அடிக்கடி தேவைப்படுகின்றன. பசும்பால் புரதம் சேராத சில குழந்தைகளுக்குப் பெருங்குடலில் அழற்சி உண்டாகி மலத்தில் இரத்தம் கலந்து வரும். இதைப் 'பால் ஒவ்வாமையால் குடலில் அழற்சி' என்று எழுதினால் எது காரணம், எது விளைவு என்பது தெளிவாகிறது. இரண்டையும் அழற்சியாக்கிவிட்டால், 'பால் அழற்சியால் குடலில் அழற்சி' என்று எழுதவேண்டி வரும். அப்படி அச்சாகியிருந்ததை நானே படித்திருக்கிறேன்.

ஒவ்வாமையே ஏற்ற சொல் என்பதற்கு என் முதற்காரணம் இலக்கணம். ஒவ்வுதல் என்பதற்கு ஒத்திருத்தல், பொருந்துதல் என்று பொருள். 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் சிறப்பொவ்வா' என்ற குறளில் வரும் அதே வினைதான். ஒவ்வுவதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். இன்னாருக்கு இன்னது ஒவ்வாது என்றுதான் சொல்ல முடியும். முட்டையில் குற்றமில்லை, குழந்தையிடத்திலும் குற்றமில்லை, இரண்டுக்கும் இடையில்தான் பொருத்தமில்லை என்பதை அந்த நான்காம் வேற்றுமை உருபே சொல்லிவிடுகிறது. அழற்சிக்கோ, எரிகிற இடம் ஒன்று மட்டும் போதும். எது வந்து பட்டதால் என்ற கேள்வியை அந்தச் சொல் எழுப்புவதே இல்லை. நம் வீடுகளில் 'எனக்குக் கத்தரிக்காய் ஒத்துக்காது', 'அவனுக்கு இறால் சேராது' என்று சொல்லும் பேச்சு இந்த அமைப்பிலேயே இயங்குகிறது. மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் 'மாறுபாடு இல்லாத உண்டி' என்றதும் உண்பவரின் உடம்போடு மாறுகொள்ளாத உணவையே.

பிர்க்கே கருதிய 'மாறிய வினை' என்னும் பொருள் ஒவ்வாமையில் இல்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். 'மாற்றுவினை' என்றே ஆக்கலாம் என்றும் சொன்னார். கிரேக்க வேரைத் தமிழில் எண்ணி வைப்பது மொழிபெயர்ப்பு ஆகாது. அந்த வேர்ப்பொருளை இன்று ஆங்கிலம் பேசுகிறவரே நினைப்பதில்லை. வழக்கில் அச்சொல் எதைக் குறிக்கிறதோ அதைத்தான் நாம் குறிக்க வேண்டும்.

ஒவ்வாமைக்கும் ஒரு குறை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அது சற்று அகலமான சொல். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க முடியாமல் வயிறு உப்பிக் கழிச்சல் ஏற்படுவதையும் மக்கள் 'பால் ஒத்துக்கலை' என்றே சொல்வார்கள். அது செரிமானக் குறை. எதிர்ப்பாற்றலுக்கு அதில் பங்கில்லை. பிரித்துச் சொல்லாவிட்டால் ஆபத்து, ஏனெனில் பால்சர்க்கரை செரியாதவர்களுள் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும்; பால் புரதம் ஒவ்வாத குழந்தைக்கு அவை பாலைப் போலவே தீங்கு செய்யும். ஆட்டுப்பாலுக்கு மாறினாலும் பயனில்லை, இரண்டின் புரதங்களும் அவ்வளவு ஒத்தவை. இந்தச் செரிமானக் குறைக்கு மொழிபெயர்ப்பாளர்கள் வழங்கும் 'லாக்டோஸ் சகிப்பின்மை' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சகிப்பு மனத்தின் குணம். குடலில் ஒரு நொதி குறைவாக இருப்பதற்கும் அதற்கும் என்ன தொடர்பு? 'பால்சர்க்கரை செரியாமை' என்றால் நோயே சொல்லில் இருக்கிறது. ஒவ்வாமையை அலர்ஜிக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, செரியாமையை இதற்கு வைத்துக்கொண்டால் அகலம் என்ற குறையும் நீங்கும்.

தோலைப் பற்றிய சொற்களில் நடக்கும் சேதம் இன்னும் பெரிது. குழந்தையின் உடம்பில் திடீரென எழுந்து, அரித்து, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சுவடின்றி மறையும் தடிப்புக்குக் காணாக்கடி என்று நம்மிடம் பெயர் இருக்கிறது. எது கடித்ததென்று காணமுடியாத கடி. இதற்குப் 'படை நோய்' என்று இன்று எங்கும் எழுதுகிறார்கள். படை என்பது பூஞ்சையால் வட்டவட்டமாகப் படர்வது. அதற்கான களிம்பைக் காணாக்கடிக்குப் பூசினால் பயனில்லை. தோலில் தோன்றும் எந்தச் சிவப்புக்கும் 'சொறி' என்று போடுவதும் இப்படித்தான். சொறி ஒட்டிக்கொள்ளும் நோய் என்பது ஊரறிந்தது, அதைப் படித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கவே அஞ்சுகிறவர்கள் உண்டு. கன்னத்திலும் கைகால் மடிப்பிலும் தோல் வறண்டு, வெடித்து, நீர்கசிந்து, மாதக்கணக்கில் வந்துவந்து போவதற்குக் கரப்பான் என்று பெயர். சித்த மருத்துவத்தின் குழந்தை மருத்துவ நூல்களான பாலவாகடங்கள் அதை விரிவாகவே பேசுகின்றன. வேர்க்குருவை வேர்க்குரு என்று எழுதுவதற்குக்கூட இன்று தயங்குகிறார்கள்.

கரப்பான் என்ற சொல்லை மீட்கும்போது ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்லவேண்டும். கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காயையும் கருவாட்டையும் விலக்கும் பழக்கத்தை ஒட்டி, கரப்பான் உள்ள குழந்தைக்கு எல்லா உணவையும் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கரப்பானுக்கும் உணவு காரணமன்று. வேர்க்கடலையை மூன்று வயதுவரை தள்ளிப்போடும்படி, ஒவ்வாமைக்கு வாய்ப்பு மிகுந்த குழந்தைகளின் பெற்றோருக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000ஆம் ஆண்டில் அறிவுரை தந்து, 2008இல் அதைக் கைவிட்டது. பிறகு, கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ கொண்ட 4 முதல் 11 மாதம் வரையான 640 குழந்தைகளை வைத்து லண்டனில் கிடியன் லாக் என்ற மருத்துவரின் குழுவினர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, சீக்கிரமே வேர்க்கடலையைத் தவறாமல் உண்டுவந்தவர்களுக்கு, அதைத் தவிர்த்தவர்களைவிட, ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை 81 விழுக்காடு குறைந்திருந்ததைக் காட்டியது. ஆபத்து மிகுந்த குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும் என்பது உண்மை. ஆனால் தள்ளிப்போடுவதே பாதுகாப்பு என்ற எண்ணம் தளர்ந்துவிட்டது.

கடைசியாக, குழந்தை உணவு டப்பாக்கள். தங்கை வீட்டுக் கூழ்மாவு டப்பாவைக் கையிலெடுத்துப் பார்த்தேன். 'பால், மரக் கொட்டைகள் மற்றும் வேர்க்கடலையின் தடயங்கள் இருக்கலாம்' என்று பொடியெழுத்தில் இருந்தது. தடயம் என்பது களவு நடந்த இடத்தில் காவலர் தேடுவது. மரக் கொட்டை என்றால் எங்கள் ஊரில் புளியங்கொட்டையும் வேப்பங்கொட்டையும்தான் நினைவுக்கு வரும். பக்கத்திலேயே 'அழற்சி எச்சரிக்கை' என்ற தலைப்பு. இந்த இரண்டு வரிக்கும் மாற்றாக நான் எழுதி அந்த நிறுவனத்துக்கு அனுப்பியிருப்பது இது: 'ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க: இதில் பசும்பால் பொடி உள்ளது. முந்திரி, பாதாம், பிஸ்தா, வேர்க்கடலை ஆகியவையும் சிறிதளவு கலந்திருக்கக்கூடும்.'