திருகோணமலைத் துறைமுகம் ஏன் தூர்ந்து போகவில்லை?

கொழும்பில் அலைதாங்கி கட்டும் வேலை 1875இல் தொடங்கியது. சென்னையில் அதற்கு அடுத்த ஆண்டு. இரண்டு ஊரிலும் கடலுக்குள் வண்டி வண்டியாகக் கல்லைக் கொட்டித்தான் கப்பல் நிற்க ஓர் இடம் உண்டாக்கினார்கள். சென்னையில் கட்டியதை 1881 புயல் வந்து பெரும்பாலும் உடைத்துப் போட்டது, திரும்பக் கட்டினார்கள். அதற்குள் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப்போனது. கரையோரமாக ஓடும் மணலை ஒரு சுவர் தடுத்தால் இதுதான் நடக்கும். வங்கக் கடலின் மேற்குக் கரையில் துறைமுகம் வைத்திருப்பது என்றால் வருடா வருடம் மணலோடு மல்லுக்கட்டுவது என்று அர்த்தம்.

திருகோணமலைக்கு யாரும் அலைதாங்கி கட்டவில்லை. தேவைப்படவில்லை. உட்துறைமுகத்தின் நீர்ப்பரப்பு மட்டும் சுமார் 1,600 ஹெக்டேர். அதற்குள் நுழையும் வாய் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் அகலம். சுற்றிலும் குன்று. இவ்வளவும் இருந்து, பக்கத்திலேயே இலங்கையின் மிக நீளமான ஆறு வந்து கடலில் விழுகிறது. 335 கிலோமீட்டர் ஓடி வரும் மகாவலியின் ஒரு கிளை மூதூர்ப் பக்கம், உட்துறைமுகத்தின் வாய் திறக்கும் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. மலைநாட்டு மண் அத்தனையும் சேர்த்துக் கொண்டுவரும் ஆறு. நியாயமாகப் பார்த்தால் அந்தக் குடா எப்போதோ தூர்ந்து வயலாகியிருக்க வேண்டும். ஆகவில்லையே, ஏன்?

மணல் வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் தங்குவதில்லை. குடாவுக்குள்ளேயே ஒரு பெரிய மடு இருக்கிறது, அதில் விழுந்துவிடுகிறது.

மடு என்று சும்மா சொல்லிவிட்டேன். புவியியலாளர்கள் அதைக் கடலடிப் பள்ளத்தாக்கு என்பார்கள். உலகத்தின் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளைப் பட்டியல் போட்டால் திருகோணமலைப் பள்ளத்தாக்கும் அதில் வரும். அதன் தலை கொட்டியாரக் குடாவுக்குள் இருக்கிறது, அங்கிருந்து இறங்கி இறங்கி 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குப் போய்ச் சேர்கிறது. இலங்கையின் மிக உயரமான பீதுருதாலகாலை மலை 2,524 மீட்டர். அதைத் தூக்கி அந்த அடித்தளத்தில் வைத்தால் உச்சி வெளியே தெரியாது.

மீனவர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, ஏற்றும்போது கை விரித்து விரித்து எண்ணுவது பழைய வழி. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கரைவலை இழுக்கும் இடங்களில் இந்த எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறும். மணல் தரை சாய்ந்து சாய்ந்து போகும். கரைவலைக்கு அப்படிப்பட்ட தரைதான் வேண்டும். பள்ளத்தாக்கின் ஓரத்திலோ, வள்ளம் கொஞ்சம் நகர்ந்தால் போதும், கயிறு தீர்ந்துவிடும்.

சரி, இந்தப் பள்ளம் எப்படி வந்தது?

ஆறு வெட்டியது என்று முதலில் தோன்றும். பாதி உண்மை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், கடல் தண்ணீரில் ஒரு பங்கு பனிக்கட்டியாகத் தரையில் உறைந்து கிடந்தது. கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே போகலாம். இன்றைய உட்துறைமுகம் அன்றைக்குக் குன்றுகளுக்கு நடுவில் இருந்த ஒரு பள்ளத்தாக்கு. பனி உருகிக் கடல் ஏறியபோது அதற்குள் தண்ணீர் புகுந்தது. இன்றைக்குத் துறைமுகத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளும் தீவுகளும் முழுகாமல் மிஞ்சிய மேடுகள்.

ஆனால் ஆறு கடல் மட்டத்துக்குக் கீழே வெட்டாது. 120 மீட்டர் வரை கணக்குச் சரி. மிச்ச 3,000 மீட்டரை வெட்டியது யார்?

இதற்கு விடை கிடைத்த கதை இலங்கையிலிருந்து ரொம்பத் தூரத்தில் நடந்தது. 1929 நவம்பர் 18ஆம் தேதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கடலுக்கடியில் ஒரு நிலநடுக்கம். அந்த இடத்தில் அட்லாண்டிக்கைக் கடக்கும் தந்திக் கம்பிகள் கடலடியில் கிடந்தன. நிலம் குலுங்கியதும் பக்கத்தில் இருந்தவை அறுந்தன, அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் சரிவில் கீழே கீழே இருந்த கம்பிகளும் ஒன்றன்பின் ஒன்றாக, மணிக்கணக்கில் இடைவெளி விட்டு அறுந்துகொண்டே போயின. தந்தி நின்றுபோன நேரம் ஒவ்வொரு கம்பிக்கும் பதிவாகியிருந்தது. 1952இல் ஹீசன், யூயிங் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த நேரங்களையும் தூரங்களையும் எடுத்துவைத்துக் கணக்குப் போட்டார்கள். ஏதோ ஒன்று கடலடிச் சரிவில் நெடுஞ்சாலையில் ஓடும் லாரியின் வேகத்தில் ஓடியிருக்கிறது. அது சேறும் மணலும் கலந்த தண்ணீர்.

இதற்குக் கலங்கல் ஓட்டம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நான் மீன் இல்லாத இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒரு பக்கத்துக்கு அடியில் தடித்த புத்தகம் ஒன்றை வைத்துச் சாய்த்தேன். ஒரு டம்ளரில் களிமண்ணைக் கரைத்து, சாய்வின் மேல்பக்கம் மெதுவாக ஊற்றினேன். தொட்டி முழுக்கக் கலங்கிப்போகும் என்றுதான் நினைத்தேன். ஆகவில்லை. சேற்றுத் தண்ணீர் நேராக அடிக்குப் போய், தரையோடு தரையாக, முன்னால் உருண்டு திரண்ட ஒரு மூக்கோடு கீழ்ப்பக்கம் ஓடியது. மேலே இருந்த தண்ணீர் அதுபாட்டுக்குத் தெளிவாக நின்றது. (இரண்டாம் தடவை செய்யும்போது தொட்டியைக் கழுவிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது.)

காரணம் எளிது. மண் கலந்த தண்ணீர் வெறும் தண்ணீரைவிடக் கனம், அதனால் சரிவில் இறங்குகிறது. கடலில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். ஓடுகிற ஓட்டம் தரையிலிருந்து மண்ணைக் கிளப்பித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. மண் கூடினால் கனம் கூடும், கனம் கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் இன்னும் மண் கிளம்பும். சரிவு தீர்ந்து தரை சமமாகும் இடத்தில்தான் இது அடங்கும். அங்கே பருமணல் முதலில் படியும், அப்புறம் பொடிமணல், கடைசியில் வண்டல்.

இது தினமும் நடப்பதில்லை. ஆறு கொண்டுவரும் மண் பள்ளத்தாக்கின் தலையில் குவிந்துகொண்டே இருக்கும். ஒரு பெருவெள்ளமோ புயலோ நில அதிர்ச்சியோ வரும்போது குவியல் சரியும். ஒவ்வொரு சரிவும் பள்ளத்தைக் கொஞ்சம் துடைத்து, கொஞ்சம் அறுத்துவிட்டுப் போகும். லட்சக்கணக்கான ஆண்டுகள் இப்படி நடந்தால் பள்ளம் ஆழமாகாமல் என்ன செய்யும்?

ஆனாலும் ஒரு சந்தேகம் மிஞ்சும். திருகோணமலையின் பாறை லேசுப்பட்டதல்ல. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, பூமிக்குள் ஆழத்தில் வெந்து இறுகிய உருமாறிய பாறை அது. அதிலும் குவார்ட்சைட்டு கத்திக்கே மசியாது. சேற்றுத் தண்ணீர் தனியாக இதை அறுத்தது என்றால் நம்பக் கஷ்டம். பாறையில் ஏற்கெனவே இருந்த வெடிப்புகளும் பலவீனமான கோடுகளும்தான் பாதை காட்டியிருக்க வேண்டும். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் இதன் சின்ன மாதிரியை வழியிலேயே பார்க்கலாம். மலையின் ஓரத்தில் செங்குத்தாகப் பிளந்து நிற்கும் இராவணன் வெட்டு. தாய்க்காக மலையைப் பெயர்க்க வந்த இராவணனின் வாள் பட்ட இடம் என்பது கதை. பாறையில் இருந்த ஒரு வெடிப்பை மழையும் உப்புக்காற்றும் அலையும் சேர்ந்து அகலமாக்கின என்பது புவியியல். அங்கே நின்று கீழே எட்டிப் பார்க்கும்போது எனக்கு முதல் கதைதான் ஞாபகத்துக்கு வருகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

இலங்கையின் கிழக்குக் கரையில் இன்னொரு வசதியும் உண்டு. கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடற்பரப்பு, இங்கே ஒடுக்கம். உலகத்தின் பெரும்பாலான கடலடிப் பள்ளத்தாக்குகளின் தலை இன்றைக்குக் கரையிலிருந்து வெகுதூரத்தில் கிடக்கிறது. பனியுகத்தில் ஆறு அதன் வாசல்வரை வந்து மண்ணைக் கொட்டியது. கடல் ஏறியதும் ஆற்றுமுகம் பின்வாங்கிவிட்டது, தொடர்பு அறுந்துபோனது. இன்றைக்கும் ஆற்றின் வாயிலேயே தலை வைத்திருக்கும் பள்ளத்தாக்குகள் கொஞ்சம்தான். ஆப்பிரிக்காவில் காங்கோ ஆற்றுக்கு அப்படி ஒன்று இருக்கிறது. கொட்டியாரக் குடாவும் அந்த வகை.

பள்ளம் மணலை விழுங்குவதோடு நிற்கவில்லை, அலையின் போக்கையும் மாற்றுகிறது. பத்து விநாடிக்கு ஒருமுறை வரும் ஓர் அலைக்கு ஆழ்கடலில் நீளம் ஏறக்குறைய 156 மீட்டர். அலைக்குத் தரை தட்டுப்படுவது ஆழம் அதன் நீளத்தில் பாதிக்குக் குறையும்போதுதான், இங்கே 78 மீட்டர் வாக்கில். தட்டுப்பட்டதும் வேகம் குறையும். பள்ளத்துக்கு மேலே வரும் பகுதி வேகம் குறையாமல் முன்னால் ஓட, இரண்டு பக்கமும் ஆழம் குறைந்த இடத்தில் வரும் பகுதி பின்தங்கும். தேர் இழுக்கும்போது ஒரு பக்கத்து வடம் தளர்ந்தால் தேர் அந்தப் பக்கமாகவே திரும்பும் அல்லவா? அலையும் வேகம் குறைந்த பக்கம் திரும்புகிறது. ஆக, பள்ளத்தின் மேல் வரும் அலை இரண்டு ஓரத்துக்கும் விரிந்து, நடுவில் வலுக் குறைகிறது. பள்ளத்தாக்கின் தலைமாட்டில் கடல் சற்று அடங்கி இருப்பது இதனால்தான். ஓரங்களில் அலை கூடும்.

இது காற்று கிளப்பும் அலைக்கான கணக்கு. சுனாமி வேறு ரகம், அதன் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், எந்த ஆழத்திலும் அதற்குத் தரை தட்டுப்படும். 2004 டிசம்பர் 26 அன்று மூதூரும் கிண்ணியாவும் பட்ட அடி ஊரறிந்தது.

வாடைக்காற்றுக் காலத்தில் இந்த அமைதியின் மதிப்புத் தெரியும். பாய்மரக் காலத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சோழமண்டலக் கரை முழுவதும் திறந்த கடல். ஒரு புயல் வந்தால் ஒதுங்க இடமில்லை. 1659இல் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று, புது மரம் நாட்ட வந்து சேர்ந்த இடம் கொட்டியாரக் குடா. அதில் வந்த ராபர்ட் நாக்ஸ் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுக்கு மேல் கைதியாக இருந்தது தனிக்கதை. 1782இல் திருகோணமலை ஒரே ஆண்டில் இரண்டு முறை கைமாறியது. சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பிரிட்டிஷார் பிடித்தார்கள், ஆகஸ்டில் அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள். சீனக்குடாவில் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளும் அதே ஆசையின் எச்சம்தான். பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டியவை.

மனிதர்களைவிட முன்னாலேயே இந்தப் பள்ளத்தின் அருமை தெரிந்தவை திமிங்கிலங்கள். நீலத் திமிங்கிலம் ஆழ்கடல் பிராணி. அதைப் பார்க்கப் பல இடங்களில் கரையை விட்டு வெகுதூரம் போக வேண்டும். திருகோணமலையில் ஆழ்கடலே கரைக்கு வந்துவிடுவதால், பங்குனி, சித்திரையில் காலையில் படகில் புறப்பட்டால் மத்தியானத்துக்குள் பார்த்துவிட்டுத் திரும்பலாம். சில நாள் கோணேசர் மலையிலிருந்தே அது ஊதும் நீர்த்தூவல் தெரியும்.

இத்தனையும் இருந்தும் திருகோணமலை ஏன் சின்ன ஊராகவே இருக்கிறது என்று கேட்பார்கள். ஊரில் ஜனத்தொகை சுமார் ஒரு லட்சம். கோட்டைக்குள்ளும் வெளியிலும் புள்ளிமான்கள் மாடுபோல் நடமாடும், அவ்வளவு நெருக்கடியில்லாத ஊர். போர் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. கிழக்கு மேற்காகப் போகும் பெரிய கப்பல் பாதை இலங்கைக்குத் தெற்கே, தெய்வேந்திர முனைப் பக்கமாகப் போகிறது. சரக்கு வாங்குகிற ஜனம் மேற்குக் கரையில். செயற்கைத் துறைமுகமாக இருந்தாலும் கொழும்புக்கு வியாபாரம் வந்தது. திருகோணமலைக்கு வருபவை பெரும்பாலும் கோதுமைக் கப்பலும், சீமெந்து ஆலைக்கான மூலப்பொருளும், எண்ணெயும்.

அந்தக் கப்பல்களுக்கும் இந்த ஆழம் எல்லா இடத்திலும் உதவி என்று சொல்ல முடியாது. நங்கூரம் பிடிக்க வேண்டுமானால் ஆழத்தைப்போலப் பல மடங்கு சங்கிலியைத் தரையில் விட வேண்டும். பெரிய கப்பலிலும் சங்கிலி 300 மீட்டர் சொச்சம்தான் இருக்கும். பள்ளத்தாக்கின் மேல் நின்றுகொண்டு நங்கூரத்தைப் போட்டால் அது அந்தரத்தில் தொங்கும். அதனால் வருகிற கப்பல் பள்ளத்தைக் கடந்து, தரை எட்டும் ஆழத்துக்கு வந்த பிறகுதான் நங்கூரத்தை இறக்குகிறது.