முறிகண்டியில் நின்றால் ஜீப் ஏன் இடறுகிறது?

கிளிநொச்சி வாசகர் ஒருவரிடமிருந்து கேள்வி. அவருடையது இருபத்தைந்து வயதான டீசல் ஜீப், நாலு சில்லும் இழுக்கிற வகை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்பட்டால், அரைக் கட்டை போகுமுன் திக்கித் திக்கி நின்றுவிடுகிறதாம். நிற்காமல் போகிற நாளில் வவுனியா வரை ஒரு பிசகும் இல்லை. தேங்காய் அழுகலாக இருந்ததுதான் குற்றம் என்கிறாராம் மாமியார்.

தேங்காயை விடுவோம். அங்கே நின்ற கால் மணித்தியாலம்தான் விசயம்.

பில்டர் அடைத்திருந்தால் ஏற்றத்திலும் பாரத்திலும்தான் இழுவை குறையும். டீசலில் தண்ணீர் என்றால் நின்றாலும் நிற்காவிட்டாலும் தொல்லைதான். நின்று புறப்பட்டால் மட்டும் இடறுகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது காற்றை.

பழைய ஜீப்புகள் பலவற்றில் டாங்கி கீழே, பம்ப் மேலே. பம்ப் டீசலை உறிஞ்சி எடுக்கிறது. ஆகவே அந்தக் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். நிலத்தில் ஒரு சொட்டும் விழாததால் யாருக்கும் சந்தேகம் வராது. ஓடும்போது நுழைகிற சின்னக் குமிழிகள், மிஞ்சிய டீசலோடு டாங்கிக்கே திரும்பிவிடும். நிறுத்தினால், காற்று புகப் புகக் குழாயிலுள்ள டீசல் கீழே இறங்கிவிடும். மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போது பில்டரில் மிச்சம் இருப்பதை வைத்துக் கொஞ்சத் தூரம் ஓடும். அப்புறம் காற்று வந்து சேரும்.

வெறும் காற்றுக்கு இவ்வளவு பலமா? ஒரு சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி நுனியை விரலால் பொத்தி அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி இருக்கும். காற்றை நிரப்பி அமுக்கினால் பஞ்சு மாதிரி உள்ளே போய்த் திரும்பி வரும். பம்ப் ஒரு தடவை தள்ளும் டீசல் ஏறத்தாழ ஒரு சொட்டு. அந்தச் சொட்டை இன்ஜினுக்குள் பீச்சும் முனைதான் இன்ஜெக்டர்; அது திறக்க வளிமண்டலத்தைப்போல் நூறு மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும். அந்த இடத்தில் ஒரு பயறளவு குமிழி இருந்தால் போதும், தள்ளல் முழுவதும் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவழிந்துவிடும். இன்ஜெக்டர் வாயே திறக்காது. அடுத்த தள்ளலிலும் இதே கதை.

கண்டுபிடிக்கும் வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பம்புக்குப் போகும் குழாயில் ஒரு துண்டு தெளிவான பிளாஸ்டிக் ரியூப்பைப் போட்டால், சேலைன் ரியூப்பில் பார்ப்பதுபோல் குமிழி ஓடுவது தெரியும். ஓட்டை எங்கே என்று அறிய, டாங்கிப் பக்கத்துக் குழாயைக் கழற்றி, பொனற்றுக்கு மேலே கட்டிய டீசல் கானில் கொடுங்கள். இப்போது உள்ளேதான் அழுத்தம் கூட. காற்று புகுந்த அதே வெடிப்பால் டீசல் கசிந்து தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அநேகமாக பில்டருக்கு மேலுள்ள கைப்பம்பின் ரப்பர், அல்லது வெயிலில் இறுகிப்போன ஹோஸ்.

முறிகண்டிக்குக் கிட்ட, அறிவியல் நகரில், பொறியியற் பீடமே இருக்கிறது. வன்னி வெயிலில் ஒரு ரப்பர் ஹோஸ் எத்தனை வருசம் தாங்கும் என்று அளக்க யாராவது கொஞ்சம் காசு ஒதுக்கினால் நல்லது. 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய ஜீப்பை விட்டால் வேறு வழி இல்லை என்றிருந்தவர்கள் இங்கே நிறையப் பேர்.

ரப்பரை மாற்றிய பின் சோதனை ஓட்டம் முறிகண்டிக்கே போகட்டும். கும்பிட்டு, கச்சான் வாங்கி, அரை மணித்தியாலம் இருந்து சாப்பிட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்.