பஜார்: அங்காடியா, கடைத்தெருவா?

"பஜார் வரைக்கும் போய்ட்டு வர்றேன்" என்பதைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கேட்கலாம். மெயின் பஜார் என்றே தெரு இருக்கும் ஊர்களும் உண்டு. சென்னையில் பர்மா பஜார், ஈவினிங் பஜார் இருக்கின்றன. இன்றைய என்.எஸ்.சி. போஸ் சாலையை முன்பு சைனா பஜார் என்பார்கள்.

சொல் பாரசீகம். அதன் சொந்த மண்ணில் பஜார் என்பது பெரும்பாலும் கூரைக்குள் இருக்கும் தெரு. ஈரானின் தப்ரீஸ் நகரத்துப் பஜார் 2010-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. செங்கல் வளைவுகள் மூடிய நீண்ட பாதைகள், இருபுறமும் கடைகள், நடுநடுவே பள்ளிவாசல்கள், வணிகர்கள் தங்கிய முற்றங்கள். பனி கொட்டும் ஊருக்கு அப்படித்தான் தெரு வேண்டும். பெயர் மட்டும் நம் ஊருக்கு வந்தது, கூரை வரவில்லை. வானம் பார்த்த தெருவையே நாம் பஜார் என்றோம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலரும் முதலில் சொல்வது அங்காடி. பழைய சொல், அழகான சொல். மதுரைக்காஞ்சியில் பகலில் கூடும் நாளங்காடியும் இரவில் கூடும் அல்லங்காடியும் வருகின்றன. மலேசியத் தமிழர்கள் 'பாசார் மாலாம்' என்பது இந்த அல்லங்காடியைத்தான். அந்த மலாய்ப் 'பாசாரும்' நம் பஜாரும் ஒரே பாரசீகச் சொல்லின் பிள்ளைகள். ஆனால் அங்காடி என்றால் சந்தை கூடும் இடம். தெரு என்ற பொருள் அதற்குள் இல்லை. சிலப்பதிகாரம் காட்டும் புகாரின் நாளங்காடி மரச்சோலையில் நடக்கிறது. இன்றைக்குப் பேரங்காடி என்றால் ஏசி போட்ட கட்டடம்தான் நினைவுக்கு வருகிறது.

என் மனசுக்குச் சரியாகப் படுவது கடைத்தெரு. அதில் வரும் 'கடை'யைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடை என்றால் முடிவு, ஓரம். கடைக்கண், கடைக்குட்டி என்கிறோமே, அதுதான். வீடு முடிந்து தெரு தொடங்கும் வாசலுக்கும் கடை என்றே பெயர். 'நின் வாசற் கடைபற்றி' என்று ஆண்டாள் பாடுவது அந்தக் கடையை. பின்வாசல் பக்கத்தை இன்றும் புழக்கடை என்கிறோம். பொருள் விற்கும் இடத்துக்கும் அதே சொல். வீட்டு முகப்பில் பலகை போட்டு வியாபாரம் செய்யும் பழைய தெருக்களில் நடந்தவர்களுக்கு இந்த இரண்டு பொருளும் ஒட்டி நிற்பது புரியும்.

மதுரைக்குப் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடைகள். வற்றல் மூட்டை இறக்கும் நேரத்தில் நடந்தால் தும்மாமல் தாண்ட முடியாது. தெற்காவணி மூல வீதிக்கு வந்தால் நகைக்கடைகள். மாசி வீதிகளில்தான் சித்திரைத் திருவிழாவின் தேரும் ஓடும். மூட்டை இறங்கிய அதே இடத்தில் அன்று வடம் பிடிப்பார்கள். கோயில், வியாபாரம், வீடு மூன்றுக்கும் பொதுவான இடம் அது. பேரங்காடி எத்தனை பெரிதானாலும் அதற்குள் தேர் வராது.

ஆகவே தப்ரீஸைப் பற்றி எழுதும்போது பஜார் என்றே எழுதலாம், அது அவர்கள் சொல். நம் ஊர்த் தெருவுக்குக் கடைத்தெரு. வாரம் ஒருநாள் கூடுவதென்றால் சந்தை.