பாலின் வேகமும் காலின் வேகமும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர்கள் இன்றைக்கும் காலையில் எட்டிப்போட்டுத்தான் நடப்பார்கள். "வெள்ளன போகணும்" என்பது அவர்கள் வாயில் சாதாரணமாக வரும் பேச்சு. வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் அதட்டலில் பழகிய வேகம் அது என்று பலர் நினைக்கிறார்கள். அதட்டல் இருந்தது உண்மைதான். ஆனால் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரம் சீவ வேண்டியிருந்ததற்கு அதைவிடப் பழைய காரணம் ஒன்று உண்டு. அது பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், பட்டைக்குள் இருக்கிறது.

பட்டையின் உட்பகுதியில் மிக மெல்லிய பால்குழாய்கள் வளையம் வளையமாக மரத்தைச் சுற்றி ஓடுகின்றன. அதில் உள்ள பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்வதால் மரம் தண்ணீரை அதிகம் இழப்பதில்லை. வேர் உறிஞ்சும் நீர் பட்டையின் செல்களில் ஏறி நிறைகிறது. விடியும் நேரத்தில் பால்குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 10 மடங்குக்கும் மேலே போய்விடும். காரின் டயரில் நாம் அடைக்கும் காற்றைவிட நான்கைந்து மடங்கு அதிகம். வெயில் ஏறியதும் இலைத்துளைகள் திறக்கின்றன, நீராவி வெளியேறுகிறது, பட்டையில் இருந்த நீரும் மேலே இழுக்கப்படுகிறது. அழுத்தம் இறங்கிவிடுகிறது. அதே மரத்தை அதே உளியால் நண்பகலில் வெட்டினால் பால் குறைவாக வருவது இதனால்தான்.

வெட்டு விழுந்தவுடன் அழுத்தம் சட்டென்று விடுபட்டு, முதல் சில நிமிடங்களுக்குப் பால் வேகமாக வழியும். குழாய் சுருங்கும்போது அக்கம்பக்கத்துச் செல்களிலிருந்து தண்ணீர் உள்ளே புகுந்து பாலை நீர்க்கச் செய்கிறது, அதனால் ஓட்டம் இன்னும் கொஞ்சம் நீடிக்கிறது. அப்புறம் சொட்டுச் சொட்டாகி, இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். உள்ளே பால் தீர்ந்து போவதால் அது நிற்பதில்லை. பாலோடு சேர்ந்து மிதக்கும் லூட்டாய்டு என்னும் நுண்ணிய பைகள் வெட்டுவாயில் உடைகின்றன. அவற்றில் இருக்கும் திரவம் ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்து, குழாயின் வாயை அடைத்துவிடுகிறது. காயம்பட்ட மரம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி இது. உலக இயற்கை ரப்பர் வணிகம் இந்த அடைப்பு விழுவதற்கு முன்னால் கிடைக்கும் சில மணி நேரத்தை நம்பித்தான் வளர்ந்தது என்பதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1877-இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த நாற்றுகளில் ஒன்பதை, பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நட்டார்கள். அதில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. ஆனால் பட்டையைக் கொத்திப் பாழாக்காமல், ஒரே வெட்டின் ஓரத்தை மெல்லச் சீவிச் சீவிப் பாலெடுக்கும் முறை பிறகுதான் வந்தது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி அதை வகுத்தார். பால்குழாய்கள் நேர்க்குத்தாக ஓடாமல் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்து ஏறுகின்றன. அதனால்தான் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, சுமார் 30 டிகிரி சரிவில் வருகிறது. அந்தச் சரிவில் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒவ்வொரு முறையும் சீவ வேண்டிய பட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆழம் கூடினால் மரத்தின் வளரும் படலம் காயப்பட்டு, புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வரும். அதில் அடுத்த முறை உளி ஓடாது.

சரி, இப்போது காலுக்கு வருவோம். ஒருவருக்கு 500 மரம், நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மரத்துக்கு 29 வினாடிதான். அதற்குள் காய்ந்த பாலை உருவி, சீவி, பால் விழும் கிண்ணமான மங்கைச் சரிசெய்து, அடுத்த மரத்துக்குப் போயாக வேண்டும். மர வரிசையான நிரையில் மரத்துக்கு மரம் மூன்று மீட்டர் என்றால் மொத்த நடை ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்தான். தூரம் பெரிதல்ல, 500 முறை நின்று 500 முறை புறப்படுவதுதான் ஆளை வாட்டும். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிதி சீதாபதியும் மனோஜ் ஸ்ரீனிவாசனும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. நடையின் வேகத்தை மாற்றுவதற்கே உடல் தனியாகச் சக்தி செலவழிக்கிறது, அதனால் குறுகிய தூரத்தில் மனிதர்கள் தாமாகவே மெதுவாக நடக்கிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். நிரையில் அப்படி மெதுவாக நடக்க இடமில்லை. எப்போது தொடங்குவது என்பது மரத்தின் கையில் இருந்தது. எத்தனை மரம் என்பதைத் தோட்ட நிர்வாகம் முடிவு செய்தது. தொழிலாளியின் உடம்பு தேய்ந்தது இந்த இரண்டாவது கணக்கால் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வெட்டி முடித்தாலும் ஓட்டம் முடியாது. மங்கில் விழுந்த பாலில் நுண்ணுயிர்கள் பெருகி அமிலம் உண்டாக்கத் தொடங்கும், பால் தானாகவே உறையும். அதற்குள் வாளியில் சேர்த்து, தோளில் வைக்கும் காண்டா கம்பில் தூக்கி, பால் சேர்க்கும் ஸ்டோருக்குக் கொண்டு போக வேண்டும். பால் உறையாமல் இருக்க அம்மோனியா கலப்பார்கள். ரப்பர் தகடாக ஷீட் அடிப்பதற்கு என்றால் ஃபார்மிக் அமிலம் ஊற்றி வேண்டுமென்றே உறைய வைப்பார்கள்.

இன்றைக்கு இந்தப் பக்கம் பல இடங்களில் ரப்பருக்குப் பதில் எண்ணெய் தரும் செம்பனை வந்துவிட்டது. மிச்சமிருக்கும் பால்மரங்களில் எத்தெஃபான் என்னும் மருந்தைப் பட்டையில் பூசுகிறார்கள். அது எத்திலீன் வாயுவை வெளியிட்டு, வெட்டுவாயில் அடைப்பு விழுவதைத் தள்ளிப்போடுகிறது. பால் அதிக நேரம் வடிவதால் ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டிய மரத்தை மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை வெட்டினாலே போதும். ஆனால் மருந்து அளவு மீறினால், குழாய்களில் பால் மீண்டும் ஊறுவதற்குள் வடிந்துவிடும். அப்படி வற்றிய மரத்தின் வெட்டுக்கோடு பாதியோ முழுதோ காய்ந்துபோகும். அதற்கு உறுதியான மருந்து கிடையாது. வெட்டுவதை நிறுத்தி மரத்தை நெடுநாள் ஓய்வில் விட வேண்டியதுதான்.