இடுப்பில் பெல்ட், மறுமுனையில் ஒரு லாப்ரடார்

ஆட்டிசம் உள்ள குழந்தையோடு கடைத்தெருவுக்குப் போகும் பெற்றோருக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. பிள்ளை சட்டென்று கையை உதறிவிட்டு ஓடிவிடும். பின்னால் கூப்பிட்டால் திரும்பாது. எதிரே வரும் வண்டியைக் கவனிக்காது. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நான்கு வயதுக்கு மேற்பட்ட இத்தகைய குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் ஒரு தடவையாவது இப்படி ஓடப் பார்த்ததாகப் பெற்றோர் சொன்னார்கள்.

இதைத் தடுக்க நாயைப் பழக்கலாம் என்று முதலில் இறங்கியவர்களில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து நேஷனல் சர்வீஸ் டாக்ஸ் அமைப்பும் ஒன்று. 1990களின் பிற்பகுதியில் தொடங்கியது. ஏற்பாடு எளிமையானது. குழந்தையின் இடுப்பில் ஒரு பெல்ட். அதிலிருந்து ஒரு வார், நாய் போட்டிருக்கும் ஜாக்கெட்டில் மாட்டியிருக்கும். நாயின் கயிறு அம்மா அல்லது அப்பா கையில். கட்டளை கொடுப்பதும் அவர்கள்தான், குழந்தை அல்ல.

குழந்தை பாய்ந்தால் வார் இறுகும். சாதாரண நாயாக இருந்தால் விளையாட்டு என்று நினைத்து கூடவே ஓடும். பழகிய நாய் அதற்கு நேர்மாறாக நான்கு கால்களையும் ஊன்றி நின்றுவிடும், ஒரு நங்கூரம் மாதிரி. லாப்ரடார் சுமார் 25 முதல் 35 கிலோ இருக்கும். ஐந்து வயதுக் குழந்தை 18 கிலோவை ஒட்டி. நாயின் உடல் தரைக்கு அருகில் இருப்பதால் எளிதில் கவிழாது. குழந்தையால் இழுத்துக்கொண்டு போக முடியாது. அந்தச் சில நொடிகள் பெரியவர் பக்கத்தில் வரப் போதும். இதில் அன்பு, உள்ளுணர்வு என்றெல்லாம் தேட வேண்டியதில்லை, எடையும் பழக்கமும்தான்.

சரி, மனசுக்கு என்ன ஆகிறது? மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 42 குழந்தைகளின் எச்சிலில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அளந்தார்கள். தூங்கி எழுந்த அரைமணி நேரத்துக்குள் எல்லோருக்கும் இது ஏறும். நாய் வருவதற்கு முன் அந்த ஏற்றம் 58 சதவீதம். நாய் வீட்டில் இருந்தபோது 10 சதவீதம். நாயைக் கொஞ்ச நாள் திரும்ப எடுத்துக்கொண்டதும் மீண்டும் 48. முடிவுகள் 2010இல் வெளியாயின. ஆனால் நாள் முழுவதற்கான சராசரி அளவு மாறவில்லை. ஆகவே ‘நாய் மன அழுத்தத்தைப் போக்கிவிடும்’ என்று எழுதுவது அவசரம்.

குழந்தை கலங்கும்போது கட்டளை கேட்டு மடியில் படுத்து அழுத்தம் கொடுக்கவும் இந்த நாய்களைப் பழக்குகிறார்கள். நல்ல கனமான அழுத்தம் சிலருக்கு நிம்மதி தருகிறது. வேறு சிலருக்குக் குரைப்பும் நாய் வாடையும் ஈரமூக்கும் தாங்காது. அந்த வீட்டுக்கு நாய் பொருந்தாது, அவ்வளவுதான்.

நாயின் பக்கமும் இருக்கிறது. கனடாவில் 10 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில் பெற்றோர் நிம்மதியாகத் தூங்கினார்கள், வெளியே போனார்கள். ஆனால் நாய்களுக்குப் போதிய ஓய்வு கிடைக்காத வீடுகளும் இருந்தன. பெல்ட்டும் நிரந்தரம் அல்ல. வளர்ந்த பிள்ளை முழு வேகத்தில் இழுத்தால் நாய்க்கு அடிபடும். அதனால் பிள்ளை பெரிதாகும்போது வாரைக் கழற்றிவிட வேண்டும். அதற்குப் பின் நாய் பக்கத்தில் நடக்கும், மடியில் படுக்கும், தடுத்து நிறுத்தும் வேலை அதனுடையது அல்ல.